முகம் வராமல் எடுத்த படம்

எங்கள் தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. தைத்து முடித்த உடுப்பைப் படம் எடுக்கலாம், இணையத்தில் இருக்கும் கடைப் பக்கத்தில் போடலாம், கேட்கிறவர்களுக்கு அனுப்பலாம். அதை உடுத்தி நிற்பவளின் முகம் மட்டும் வரக் கூடாது. கழுத்துக்கு மேலே வெட்டிவிட வேண்டும். என் அக்கா போட்ட சட்டம் அது. முகம் தெரிந்தால்தான் ஆபத்து, முகம் இல்லாவிட்டால் அது வெறும் துணி என்று அவள் நினைத்தாள். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள் சொல்கிறாள், நாங்களும் தலையாட்டினோம்.

அந்தப் படங்களில் நின்றவள் அக்காவின் ஒரே மகள். வீட்டிலும் கடையிலும் அவளுக்குப் பெயர் பொம்மை. துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்குமே, அந்த மாதிரிப் பொம்மை ஒன்று வாங்க எங்களுக்கு வக்கில்லை. அதனால் நிற்கப் பழகிய நாளிலிருந்து அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தித்தான் அக்கா குண்டூசி குத்துவாள். குழந்தை அசையாது. ஊசி பட்டால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும். வாடிக்கைக்காரர்கள் வந்தால், "பொம்மைக்குப் போட்டுக் காட்டுங்க, பாக்கிறோம்" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வருவாள்.

கடை என்றால் பெரிய கடை ஒன்றுமில்லை. வீட்டின் முன்னறைதான். இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒன்று, துணி வெட்டும் மேசை, மூலையில் பலகை அடைத்த சின்ன அறை, அளவு பார்க்கவும் உடுத்திப் பார்க்கவும். அக்கா வெட்டுவாள், தைப்பாள். நான் கொக்கி, பித்தான், கீழ்மடிப்பு. அக்காவின் கணவர், என் அத்தான், பஸ் ஓட்டுகிறார். நான் மாடி அறையில் தனிக்கட்டை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால்தான் கல்யாணம் நிலைக்கவில்லை என்று ஊரில் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். இந்த விஷயத்தில் நான் வாயை மூடப்போவதில்லை.

அக்காவிடம் இருப்பது பித்தான் போன். எண்ணை அழுத்தினால் பேசும், அவ்வளவுதான். ஆகவே கடைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது முழுக்கப் பொம்மையும் அவளுடைய போனும். படம் போடுவாள், விலை சொல்வாள், அளவு கேட்டு வாங்குவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் பதில் போடுவாள். அவள் புண்ணியத்தில் வெளியூரிலிருந்தெல்லாம் வேலை வந்தது. அத்தான் நண்பர்களிடம், "என் பொண்ணு போன்லயே கடை நடத்துறா" என்று மார்தட்டினார். அந்தக் காலத்தில் போனை யாரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் அந்த 'வெளியூர் அக்கா' வந்தாள். தான் வேறு ஊரில் துணிக்கடை வைத்திருப்பதாகவும், எங்கள் கை நேர்த்தி பிடித்திருக்கிறது, மாதாமாதம் வேலை தருவதாகவும் எழுதினாள். பேச்சு தேனாக ஒழுகியது. தங்கச்சி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். பொம்மை வாசித்துக் காட்டக் காட்ட அக்காவுக்கு முகம் மலர்ந்துபோகும். தன் மகளுக்கும் இதே உடல்வாகுதான், மெல்லிய லைனிங் துணியில் மாதிரி உடுப்பு ஒன்று தைத்து உடுத்தி, தோளிலும் இடுப்பிலும் டேப் பிடித்துப் படம் அனுப்பினால் அளவு சரிபார்க்க வசதி என்று ஒரு நாள் கேட்டாள். தூரத்து வாடிக்கைக்கு இது எங்கள் தொழிலில் செய்வதுதான். அக்காவே டேப்பைப் பிடித்தாள். "எடுத்து அனுப்பு, முகம் வராம பாத்துக்கோ" என்றாள். பொம்மை கழுத்துக்கு மேலே கச்சிதமாக வெட்டி அனுப்பினாள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு. பிறகு இன்னொரு மாதிரி, அதற்குப் பிறகு இன்னொன்று.

வேலை மட்டும் வரவில்லை. வந்தது ஒரு படம்.

அந்தப் படம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு வாங்கியபோது யாரோ எடுத்துப் போட்ட படத்திலிருந்து அவள் முகத்தை எடுத்திருந்தான். நாங்கள் அனுப்பிய உடம்பில் அதை ஒட்டியிருந்தான். உடுப்பு என்று ஒன்று அதில் இல்லை. ஆமாம், அவன்தான். அக்கா என்று வந்தவள் ஆண்பிள்ளை. இனிமேல் அண்ணா என்று கூப்பிடு என்றானாம். கூப்பிட்ட உடனே பதில் வர வேண்டும், எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டால் சொல்ல வேண்டும், கேட்டதை அனுப்ப வேண்டும். சுணங்கினால் கடைப் பக்கத்தில் இருக்கும் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் படம் போகும். வெளியே சொன்னாலும் போகும்.

இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. பெண்ணுக்குப் போன் பைத்தியம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். சாப்பிடும்போது மடியில் போன். குளிக்கப் போனால் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போன். அது ஒரு முறை அதிர்ந்தால் போதும், எதிரே பேசிக்கொண்டிருப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவாள். மதிப்பெண் சரிந்தது. கன்னம் ஒட்டிப்போனது. நான்கூட, "உன் போனுக்கு ஒரு தொட்டில் கட்டிடலாமா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அப்போது நம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகளும் போனும் என்று தலைப்பு. பேச வந்தவர் ஓர் ஆலோசகர், படித்த மனிதர். அத்தான் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவோடு போனார். வந்ததும் பரீட்சைக்குப் படித்த பையன் மாதிரி ஒப்பித்தார். போன் குடியைப் போல. ஒரேயடியாக நிறுத்த வேண்டும். பிடுங்கினால் பிள்ளை அழும், கத்தும், அஞ்சு நிமிஷம் கொடு என்று காலில் விழும். அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொடுத்தீர்களோ, போச்சு. தனக்காகப் பேச மாமாவை அனுப்பும், சித்தியை அனுப்பும். மசியக் கூடாது. பிறகு தானே அடங்கும். அடங்கிவிட்டால் குணமாகிறது என்று அர்த்தம்.

அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது நூறு வீட்டுக்குப் பொருந்தும். எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியவில்லையே.

மறுநாள் காலை அத்தான் போனை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அவள் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, டிபன் பைக்குள் போட்டுக்கொண்டார். பொம்மை முதலில் கெஞ்சினாள். பிறகு சத்தம் போட்டாள். அந்தப் பெண் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கடைசியில் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அஞ்சு நிமிஷம் குடுங்கப்பா. அப்புறம் நீங்களே வச்சுக்குங்க, உடைச்சுக்கூடப் போடுங்க. அஞ்சே நிமிஷம்பா" என்றாள்.

அத்தான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். சொன்ன மாதிரியே நடக்கிறது பார் என்ற பார்வை. அக்காவுக்கும் கண் கலங்கியது, ஆனாலும் தலையை ஆட்டினாள். அவர் காலை விடுவித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். போன் அவரோடு பஸ்ஸில் ஊர் சுற்றப் போனது.

அன்று முழுக்க அவள் கூண்டில் அடைத்த பூனை போல முன்னறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். அடுத்த நாள் அடங்கிவிட்டாள். பள்ளி விட்டு வந்து, யாரும் சொல்லாமலே என் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தாள். அக்கா என் காதில், "பாத்தியா, என் பொண்ணு எனக்குத் திரும்பக் கிடைச்சுட்டா" என்று கிசுகிசுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மகளுக்குத் தலை வாரிவிட்டாள். பொம்மை முக்காலியில் அசையாமல் உட்கார்ந்து தலையைக் காட்டினாள். பெற்றவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு மட்டும் என்னவோ நெருடியது. பிள்ளை அழுதால் தேற்றலாம், இப்படி இருந்தால் என்ன செய்வது என்று பட்டது.

அதற்கு மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. அக்கா ஜிப்பும் நூலும் வாங்கக் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்துப் பொம்மை என்னிடம் வந்தாள். என்னிடமும் ஒரு டச் போன் இருக்கிறது, பழசு, கண்ணாடி கீறல் விழுந்தது. அதைக் கேட்டாள். ரெண்டு நாளிலேயே நாக்கு வறண்டுவிட்டதா என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தேன். என்னிடம் அந்த ஆலோசகர் ஒன்றும் சொல்லவில்லையே. அவள் ஏதேதோ தட்டினாள். தன் கணக்கைத் திறக்கப் பார்த்தாள். திறக்க வேண்டுமென்றால் அவள் எண்ணுக்கு ஒரு குறியீடு வரும், அதைப் போட வேண்டும் என்றது. அவள் எண் அத்தானின் டிபன் பைக்குள் கிடந்தது. புதிதாக ஒரு கணக்கு தொடங்கி எழுதிப் பார்த்தாள். தெரியாத ஆட்கள் எழுதுவதை அவன் திறப்பதில்லை போலிருக்கிறது. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, வெட்டிப்போட்ட துணித் துண்டுகள் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"எவண்டி அவன்?" என்றேன். வேறு என்ன நினைப்பேன்? அந்த வயதில் நானும் ஓர் ஆளுக்காக அழுதவள்தான்.

"லவ்வா இருந்தா நல்லா இருந்திருக்கும் சித்தி" என்றாள். நிமிராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

பாவி, இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவளைத்தான் உலுக்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சொன்னா அப்பா போனை வாங்கிடுவாரு. வாங்கினா அவன் அனுப்பிடுவான். அதான் சொல்லல" என்றாள். பிறகு, "முகம் என்னோடது, நிக்கிறதும் நான்தான். மிச்சத்தை அவன் தைச்சிருக்கான் சித்தி. ஆனா பாக்கிறவங்களுக்குத் தையல் தெரியாது" என்றாள்.

இன்னும் அனுப்பியிருக்க மாட்டான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. முன்பு ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நாள் முழுக்கப் பொறுத்தானாம். போன் கிடைத்தால் எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம் என்றாள். சமாளிக்கவெல்லாம் வேண்டாம், போலீசுக்குப் போகலாம் என்றேன். அதற்கும் அந்தப் போன்தான் வேண்டும், அவன் எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. திறக்கும் எண்ணை என் காதில் சொன்னாள். அம்மா வரும்வரை தான் தனியே இருந்துகொள்வதாகவும், நான் உடனே போகும்படியும் சொன்னாள். அவளைத் தனியே விட எனக்கு மனமில்லை. நல்லவேளை, அக்கா நூல் பையோடு படியேறினாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இவளைப் பார்த்துக்கொள், கண்ணை எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அத்தான் ஓட்டும் பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். நின்றேன், வந்தது, ஏறினேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போய், "அத்தான், போனைக் குடுங்க" என்றேன். அவர் திரும்பவே இல்லை. தலைக்கு மேலே இருந்த பலகையை ஒரு விரலால் காட்டினார். ஓட்டுநருடன் பேசாதீர். இத்தனை வருடத்தில் ஒரு விபத்து இல்லை அவர் கையில், சட்டத்தை அப்படிப் பிடிப்பவர். கடைசி நிறுத்தம் வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டிபன் பை அவர் காலடியில், கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. குனிந்து எடுத்திருந்தால் வண்டி தடுமாறியிருக்கும்.

எல்லோரும் இறங்கியதும் அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்தபடி சிரித்தார்.

"அந்த ஆள் சொன்னாரு. சித்தியை அனுப்புவாங்கன்னு அச்சு அசலா சொன்னாரு" என்றார். "நீயுமா மசிஞ்ச? உன் வாய்க்கு ஊரே பயப்படுது, ஒரு சின்னப் பொண்ணு உன்னை ஏமாத்திட்டாளே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே ஏதாவது செய்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் என்ன தப்புச் செய்தார்? மகளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறார். சொன்னேன். குரலைத் தாழ்த்தி, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. நம்ம கடைப் படமா, அதுலதான் முகமே இல்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முகத்தை வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினான் என்றேன். அப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்தார்.

போன் உயிர் வந்ததும் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அவர் உள்ளங்கையில் அது துடித்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது, என்னிடம் நீட்டினார். நான் முதலில் அவனும் அவளும் எழுதிக்கொண்டதைத் திறந்தேன். போனைப் பிடுங்குவதற்கு முந்தின நாள், அத்தான் கூட்டத்தில் கேட்டதை ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஒன்று எழுதியிருந்தாள்.

"படி" என்றார் அத்தான்.

"அண்ணா, அப்பா போனை வாங்கப் போறார் போல. நான் பதில் போடலைன்னா வேணும்னு செய்றேன்னு நினைக்காதீங்க. எப்படியாவது வாங்கிடுவேன். அதுவரைக்கும் அனுப்பாதீங்க அண்ணா. உங்க கால்ல விழறேன்."

அதற்குக் கீழே அவன் எழுதியவை. எங்கே போனாய். விளையாடுகிறாயா. எண்ணுகிறேன். கடைசியில் ஒரு சிரித்த முகம், அன்று காலையில் அனுப்பியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இது உங்க பொண்ணு தானே என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அவள் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் தைத்துக் கொடுத்தோம். இன்னொருத்தி, என் துணியை வெட்ட வேண்டாம், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். அதற்குள் படத்தையும் அத்தான் பார்த்துவிட்டார். அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அவர் அழவில்லை. பேயறைந்தவர் போல ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடத்துநர் வந்து நேரமாகிவிட்டது என்றார். ஆட்கள் ஏறினார்கள். வீட்டுக்குப் போக அந்த நேரத்தில் அதைவிட வேகமான வண்டி கிடையாது, அதுவும் எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பும். அவர் அதை எடுத்தார்.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் நிறுத்தினார். கதவைத் திறந்தார், ஆள் ஏறும்வரை காத்திருந்தார், மூடினார். நிறுத்தாமல் போங்கள் அத்தான் என்று பின்னாலிருந்து கெஞ்சினேன். கையும் காலும் பழகினபடி நடந்துகொண்டிருந்தன, அவர் காதில் ஏதும் விழவில்லை. ஆனால் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், வேலை முடித்த பெண்கள், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர். அந்தப் பையன்களில் ஒருவன் எதையோ பார்த்துச் சிரித்து, பக்கத்திலிருந்தவனுக்குக் காட்டினான். அத்தான் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அவன் என்ன பார்த்தானோ, ஏதாவது விளையாட்டாக இருக்கும். ஆனால் இனி யார் போனைப் பார்த்துச் சிரித்தாலும் எங்களுக்கு அது அந்தப் படமாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருமுனையில் அவர் வண்டியை நிறுத்தி, சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். நடத்துநர் கூப்பிட்டார், ஆட்கள் சத்தம் போட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னறையில் அக்கா ஒரு கை நிறைய வெட்டாத துணியோடு நின்றிருந்தாள். எதிரே இரண்டு பெண்கள், ஒருத்தி துணியை விரித்து ஓட்டை கீட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். எங்களைக் கண்டதும் இருவரும் பேசாமல் வெளியேறினார்கள். போகிற போக்கில் ஒருத்தி மூலை அறையை ஒரு பார்வை பார்த்தாள். என் நாக்கில் வந்ததை நான் அவள் முதுகுக்குச் சொன்னேன், இங்கே எழுத முடியாது.

பலகை அறையின் கதவு சாத்தியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தட்டினேன். "இருக்கேன் சித்தி" என்று குரல் வந்தது. சாதாரணக் குரல். அளவு பார்க்கிறவர்கள் உள்ளேயிருந்து சொல்வார்களே, அப்படி.

அக்கா கதவைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். எங்களிடம் அல்ல. "முகத்தை ஏண்டி காட்டின? எத்தனை தடவ சொல்லியிருப்பேன், முகம் வரக் கூடாதுன்னு. ஏண்டி காட்டின?" யாரோ தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், வந்தவர்களில் ஒருத்தி படத்தையும் காட்டியிருக்கிறாள். அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் காட்டவில்லை அக்கா, ஒட்டினார்கள் என்று நான் சொன்னேன். அளவுப் படங்கள்தான் அவை, நீ டேப் பிடித்தாயே, அவைதான் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். துணி எல்லாம் தரையில் விழுந்தது. பிறகு அவள் அந்தத் துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். சீருடையோடு, காலை மடக்கி, குழந்தைக்குச் சோறு ஊட்ட உட்காருகிற மாதிரி. போலீசுக்குப் போவோம், அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும், வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று என்னென்னவோ சொன்னார். என்னைத் திட்டும்மா, அடிம்மா, கதவை மட்டும் திற என்றார். தாழ்ப்பாள் அசையவில்லை. நான் ஆணி பிடுங்கும் குறடைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். கதவைப் பெயர்ப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று தெரியவில்லை.

அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கதவுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. அதன் வழியே போனை மெல்ல உள்ளே தள்ளினார்.

"இந்தாம்மா. இனிமே கேக்க மாட்டேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கோ" என்றார். அந்த மனிதருக்கு வேறு என்ன கொடுக்கத் தெரியும்? "யார்கிட்ட பேசணுமோ பேசு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிறகு போன் அதே இடைவெளி வழியே திரும்பி வெளியே வந்து, அவர் முழங்காலில் இடித்து நின்றது.

"இனிமே எதுக்குப்பா?" என்றாள் பொம்மை.